மஞ்சள் போன வழி

வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்திவிட்டது. பதறிப்போய்ச் சோப்பைத் தேய்க்கிறீர்கள். போக வேண்டிய கறை செக்கச் செவேலென்று சிவந்து நிற்கிறது. நன்றாக அலசினால் பழையபடி மஞ்சள். “விடு, வெயில்ல போடு” என்கிறாள் அம்மா. சாயங்காலம் கொடியிலிருந்து எடுத்துப் பார்த்தால் கறை இருந்த இடமே தெரியவில்லை.

இந்த வித்தைகளை எல்லாம் காட்டியது ஒரே பொருள், குர்குமின். சோப்பின் காரம் பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் சிதையும், எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும். இன்று உலகம் முழுக்க மருந்துக்கடைகளில் ‘மஞ்சள் சத்து’ என்று குப்பியில் அடைத்து விற்பதும் இதைத்தான். அதாவது மஞ்சளின் மருந்தும் மஞ்சளின் சாயமும் வேறு வேறல்ல. வேட்டிக் கறையை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

மஞ்சள் பூக்கும், ஆனால் முளைக்கக்கூடிய விதை தராது. குரோமோசோம்கள் இரட்டைப்படையாக இல்லாமல் மும்மூன்றாக அமைந்துவிட்ட மலட்டுப் பயிர் அது. ஈரோட்டுப் பக்கம் ‘விதை மஞ்சள்’ என்று பத்திரப்படுத்துவது விதையை அல்ல, போன வெள்ளாமையின் கிழங்கை. தூக்கிப்போக விதை இல்லாததால் காற்றாலும் பறவையாலும் இதைப் பரப்ப முடியாது. உலகத்தில் எங்கே மஞ்சள் தழைத்திருந்தாலும், யாரோ ஒருவர் கிழங்கை மடியில் கட்டிக்கொண்டு அங்கே போயிருக்கிறார் என்றுதான் பொருள்.

நமக்குத் தெரிந்த பழைய தடயம் ஒன்று ஹரியானாவின் பர்மானாவில் கிடைத்தது. சிந்துவெளிக் காலத்து ஊர் அது. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய பானை ஓடுகளிலும் மனிதப் பற்களிலும் ஒட்டியிருந்த மாவுத்துகள்களை அருணிமா கஷ்யப், ஸ்டீவ் வெபர் என்ற இரு ஆய்வாளர்கள் சுரண்டியெடுத்துப் பார்த்தார்கள். இஞ்சியும் மஞ்சளும் இருந்தன. இன்னொரு பல் அதைவிட ஆச்சரியமானது. இஸ்ரேலின் மெகிடோவில், கி.மு. இரண்டாம் ஆயிரத்தின் நடுவில் இறந்துபோன ஒருவரின் பற்காறையில் மஞ்சளின் தடயம் இருப்பதாக 2020இல் ஒரு ஆய்வுக்குழு அறிவித்தது. பல் துலக்குவதில் அக்கறையில்லாத முன்னோர்களுக்கு வரலாறு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

மேற்கே மஞ்சள் வணிகச் சரக்காகப் போனது. கிழக்கே போனதோ குடும்பத்தோடு. தென்கிழக்காசியத் தீவுகளிலிருந்து பாய்மரப் படகுகளில் பசிபிக்கைக் கடந்த மக்கள், புதுத் தீவில் பிழைக்கத் தேவையான செடிகளை எல்லாம் படகில் ஏற்றிக்கொண்டார்கள். சேம்பு, வாழை, ஈரப்பலா வரிசையில் மஞ்சளும் இருந்தது. ஹவாயில் அதற்கு ‘ஓலெனா’ என்று பெயர், ஈஸ்டர் தீவில் ‘புவா’. டிகோபியா என்ற குட்டித் தீவில் 1928இல் போய்த் தங்கிய மானுடவியலாளர் ரேமண்ட் ஃபிர்த், அங்கே மஞ்சள் சாயம் இறக்குவது ஒரு சடங்காகவே நடந்ததைப் பதிவுசெய்தார். கூடையளவு இடமும் மதிப்புள்ள படகில் குழம்புக்காகவா ஒரு கிழங்கை ஏற்றியிருப்பார்கள்? உடம்பிலும் துணியிலும் சடங்கிலும் பூசும் நிறத்துக்கு அங்கே அத்தனை மதிப்பு.

நிறத்துக்காகத்தான் என்பதற்கு மொழியே சாட்சி. அரபியில் ‘குர்கும்’ என்ற சொல் குங்குமப்பூவைச் சுற்றி வந்தது. குங்குமப்பூ வாங்க வசதியில்லாதவர்கள் மஞ்சளை வாங்க, பெயரும் மெல்ல மஞ்சள்மேல் சரிந்தது. அந்தச் சொல்தான் லத்தீனில் ‘குர்குமா’வானது, 1753இல் லின்னேயஸ் அதையே தாவரப் பெயராக்கினார், பிறகு குர்குமினும் வந்தது. நம் பக்கத்திலும் இதே சரிவு நடந்திருக்கிறது. சமஸ்கிருதத்தில் ‘குங்குமம்’ என்றால் குங்குமப்பூ. நாம் நெற்றியில் வைக்கும் குங்குமத்திலோ பூ இல்லை, மஞ்சள்தான். இரண்டு நாகரிகங்களும் ஒரே போலியை அசலின் பெயராலேயே ஏற்றுக்கொண்டன!

மார்கோ போலோவும் இதில் தப்பவில்லை. சீனத்தின் பூஜியன் பகுதியில் குங்குமப்பூ போலவே இருக்கிறது, ஆனால் அது அல்ல என்று ஒரு பொருளைப் பற்றி எழுதிவைத்தார். மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். கோவாவில் 1563இல் புத்தகம் அச்சிட்ட போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா ஒளிவுமறைவில்லாமல் ‘உள்ளூர்க் குங்குமப்பூ’ என்றே அழைத்தார். ஏழைக்குக் கிடைத்த மாற்று என்ற பட்டம் மஞ்சளுக்குப் பல நூற்றாண்டுகள் நிலைத்தது.

லண்டனில் அந்தப் பட்டத்தைக் கழற்றியது ஒரு வாசனைத் திரவியக் கடை. 1784இல் பிக்காடில்லியில் இருந்த சோர்லியின் கடை, மஞ்சள் சேர்ந்த கறிப் பொடிக்குப் பத்திரிகை விளம்பரம் கொடுத்தது. விளம்பரத்தில் ருசியைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் நாம் இங்கே நிற்க வேண்டியதில்லை. செரிமானம் சிறக்கும், ரத்த ஓட்டம் சீராகும், மனம் உற்சாகமாகும், சந்தானமும் பெருகும் என்ற ரீதியில் போனது அது. இன்றைய வாட்ஸப் செய்திகளில் வரும் பட்டியலில் பாதி அதிலேயே இருக்கிறது. சமைக்கத் தெரியாத ஊரில் மசாலா விற்க வேண்டுமென்றால் ஆரோக்கியத்தை முன்னால் நிறுத்த வேண்டும் என்பதை அந்த வியாபாரி கண்டுகொண்டிருந்தார்.

கறிப் பொடி இங்கிலாந்திலிருந்து ஜப்பானுக்குக் கப்பலேறியது. அங்கே கிராஸ் அண்ட் பிளாக்வெல் நிறுவனத்தின் டப்பா என்றால் தனி மரியாதை. 1923இல் யமசாகி மினெஜிரோ என்ற இளைஞர் உள்ளூரிலேயே கறிப் பொடி தயாரித்தார். ‘எஸ் அண்ட் பி’ நிறுவனம் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் உள்ளூர்ச் சரக்கை யார் மதித்தார்கள்? 1931இல் ஒரு மோசடி அம்பலமானது. ஆங்கிலேய டப்பாவுக்குள் ஜப்பானியப் பொடியை நிரப்பிச் சிலர் விற்றுக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டவர்கள் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை என்ற செய்திதான் எல்லோரையும் உலுக்கியது. அப்படியானால் நம் பொடியே போதுமே என்று ஜப்பான் திரும்பிக்கொண்டது. திருட்டுச் சரக்கு சுதேசிச் சரக்குக்கு நற்சான்றிதழ் கொடுத்த கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பின்னாளில் அதே நாட்டின் இன்னொரு கறிக் குழம்புக் கம்பெனியான ஹவுஸ், 2004இல் மஞ்சள் சத்தைச் சின்னக் குப்பியில் அடைத்து, மதுவருந்துமுன் குடிக்கும் பானமாக விற்று வெற்றி கண்டது.

அமெரிக்காவிலோ மஞ்சள் தலைமறைவாக வாழ்ந்தது. 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் ‘பிரெஞ்ச்ஸ்’ என்ற பெயருடைய நிறுவனம் புதுவகைக் கடுகுச் சாந்தை அறிமுகப்படுத்தியது. பளீரென்ற மஞ்சள் நிறம். கடுகுக்கு அந்த நிறம் கிடையாது. ஹாட் டாக் மேல் அதைப் பிழிந்து தின்ற பல தலைமுறைகளுக்குத் தாங்கள் மஞ்சள் தின்கிறோம் என்றே தெரியாது. ‘மஞ்சளின் மகிமை’யை அவர்கள் கண்டுபிடிக்க இன்னும் நூறு வருடம் இருந்தது.

இதற்கிடையில் வேதியியல் கூடம் கிழங்கைக் கையில் எடுத்திருந்தது. 1815இல் பிரான்சில் வோகல், பெல்லத்தியே இருவரும் மஞ்சளிலிருந்து சாயத்தைப் பிரித்து அதற்கு குர்குமின் என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பெல்லத்தியே சாதாரண ஆள் அல்ல. ஐந்து வருடம் கழித்து சின்கோனா பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தெடுத்து மலேரியாவுக்கு மருந்து தந்தவர்களில் ஒருவர். செடியை அப்படியே தின்னாமல் அதற்குள்ளிருக்கும் ஒற்றைப் பொருளைத் தேடு என்ற வழக்கத்துக்குப் பாதை போட்ட தலைமுறை அது. குவினைனுக்கு அந்தப் பாதை ராஜபாட்டையாக அமைந்தது. அதே கைகளில் பிறந்த குர்குமினும் ஒருநாள் அப்படி வரும் என்ற எதிர்பார்ப்பு இன்றுவரை அதைத் துரத்துகிறது. குர்குமினின் அமைப்பைப் போலந்து வேதியியலர்கள் 1910இல்தான் கண்டார்கள். 1913இல் கிழங்கே இல்லாமல் கூடத்தில் தயாரித்தும் காட்டினார்கள்.

ஆனால் அந்த நாட்களில் குர்குமினுக்கு மருந்து வேலை இல்லை, துப்பறியும் வேலைதான் இருந்தது. தாளை மஞ்சள் சாற்றில் நனைத்து உலர்த்தி வைத்துக்கொண்டால், காரம் பட்டதும் அது செம்பழுப்பாகும். உங்கள் வேட்டியில் சோப்பு செய்த அதே வேலை. போரிக் அமிலம் பட்டு உலர்ந்தாலும் சிவக்கும். இறைச்சி கெடாமலிருக்க வியாபாரிகள் வெங்காரத்தைக் கலந்து ஏமாற்றிய காலத்தில், கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் நம்பியது மஞ்சள் தாளைத்தான். நம் வீடுகளில் குங்குமம் செய்த பாட்டிமார் மஞ்சளோடு வெங்காரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பிசைந்தார்களே, அதுவும் இதே வேதிவினைதான்.

மருந்தாக அது விஞ்ஞான இதழ்களில் தலைகாட்டியது மெதுவாகத்தான். 1937இல் ‘லான்செட்’ இதழில் பித்தப்பை நோய்க்குக் கொடுத்துப் பார்த்ததாக ஒரு கட்டுரை. 1949இல் ‘நேச்சர்’ இதழில் பாக்டீரியாவை எதிர்க்கிறது என்று ஒரு குறிப்பு. 1973இல் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ரீமாலும் தவனும் அழற்சியைத் தணிக்கிறது என்றார்கள். 1985இல் கேரளத்தின் திருச்சூரிலிருந்து புற்றுநோய் அணுக்கள்மேல் அதன் விளைவைப் பற்றிய கட்டுரை வந்தது. பத்து வருடத்துக்கொரு கட்டுரை என்று ஓடிக்கொண்டிருந்த ஆறு 1995இல் கரை உடைத்தது.

அந்த ஒரே ஆண்டில் இரண்டு சம்பவங்கள். டெக்சாஸில் பரத் அகர்வாலின் ஆய்வுக்கூடம், செல்லுக்குள் அழற்சியைக் கிளப்பிவிடும் ஒரு முக்கியப் புரதத்தை குர்குமின் அடக்குகிறது என்று எழுதியது. அழற்சி என்றால் புற்றுநோய், மூட்டுவலி, இதயநோய் எல்லாவற்றுக்கும் அது சொந்தக்காரன் ஆயிற்றே! ஆய்வாளர்கள் படையெடுத்தார்கள். அதே வருடம் மார்ச்சில், மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கான அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கண்டுபிடித்ததாக எழுதிக்கொடுத்த இருவரும் இந்திய வம்சாவளியினர். முட்டியில் அடிபட்டு ஓடிவந்த குழந்தைக்கு மஞ்சள் பற்றுப் போடும் எந்த அம்மாவும் சட்டப்படி அமெரிக்காவில் அனுமதி கேட்க வேண்டிய நிலை.

இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம், அப்போது ஆர்.ஏ. மஷேல்கர் தலைமையில், 1996இல் வழக்காடியது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு அம்மா சொன்னாள் என்பது ஆதாரமாகாது, அச்சில் வந்திருக்க வேண்டும். சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்கள் உட்பட 32 ஆதாரங்களை அடுக்கினார்கள். அதில் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் ஒன்று. 1997இல் காப்புரிமை ரத்தானது. இன்னொருமுறை இப்படி அலையக்கூடாது என்று 2001இல் பாரம்பரிய அறிவு மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். நம் சித்த மருத்துவ நூல்களும் பிறகு அதில் ஏறின. வழக்கின் விளைவு எனக்கு வேறுவிதமாகவும் படுகிறது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது பழைய செய்தி என்று நிரூபித்தோம், அவ்வளவுதான். அது ஆற்றுகிறதா, எவ்வளவு ஆற்றுகிறது என்ற கேள்வியை அந்த வழக்கு கேட்கவே இல்லை. ஆனால் வெற்றிச் செய்தி வீடு வந்து சேர்வதற்குள் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

கூடத்தில் ஜொலித்த குர்குமின், உடம்புக்குள் போனதும் தடுமாறியது. குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை, உறிஞ்சிய கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே அனுப்பிவிடுகிறது. 1998இல் பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு சோதனை. இரண்டு கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் ரத்தத்தில் அது ஏறக்குறைய தென்படவே இல்லை. கூடவே 20 மில்லிகிராம் மிளகுச் சத்தைக் கொடுத்ததும் உறிஞ்சும் அளவு 2,000 சதவீதம் கூடியது. இந்த எண்ணை நீங்களும் பார்த்திருப்பீர்கள், மாத்திரை டப்பாக்களில் அச்சிடாத கம்பெனி குறைவு. ஒன்றுமில்லாததற்குப் பக்கத்தில் இருந்து எண்ணத் தொடங்கினால் எதுவும் பெரிதாகத்தான் தெரியும் என்பதை டப்பா சொல்லாது. மிளகுச் சத்து வியாபாரத்தின் நிறுவனர் ஒருவரும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் இருந்தார் என்பதையும் சொல்லாது. பாலில் மஞ்சளோடு மிளகும் தட்டிப்போட்ட நம் பாட்டிகள் இதை அன்றே அறிந்திருந்தார்கள் என்று பெருமைப்படுவோர் உண்டு. எனக்கு அதில் சந்தேகம். தொண்டை கரகரப்புக்கு மிளகின் காரம் இதமளிக்கும், அதற்குத்தான் போட்டிருப்பார்கள். கணக்கும் ஒத்துவராது. ஒரு கிராம் மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 30 மில்லிகிராம் இருக்கும். சோதனையில் கொடுத்த அளவுக்கு அறுபது எழுபது கிராம் தூளைக் கரைத்துக் குடிக்க வேண்டும்.

இனி வேட்டிக்கு வருவோம். 2017இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கேத்ரின் நெல்சனும் சகாக்களும் எழுதிய விமர்சனக் கட்டுரை, குர்குமின் ஆராய்ச்சியையே உலுக்கியது. புதுப் பொருள் ஒன்று மருந்தாகுமா என்று பார்க்க, கூடங்களில் பெரும்பாலும் ஒளியையும் நிறத்தையும்தான் அளக்கிறார்கள். குர்குமினோ தானே ஒளிரும். எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும். நீர்க்கரைசலில் சீக்கிரமே சிதைந்து வேறு பொருள்களாகும். ஆகவே எந்தச் சோதனையில் போட்டாலும் ‘வேலை செய்கிறது’ என்று கருவி காட்டும். துணியை விடாத கறை, சோதனைக் குழாயை மட்டும் விட்டுவிடுமா? 120க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்தும், யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் போலி மாத்திரையோடு ஒப்பிட்ட கறாரான சோதனை ஒன்றில்கூடத் தெளிவான வெற்றி இல்லை என்று அவர்கள் எழுதினார்கள். அதற்குமுன்பே டெக்சாஸ் கூடத்தின் கட்டுரைகளில் படங்கள் பற்றிய கேள்விகள் எழுந்திருந்தன, காலப்போக்கில் இருபதுக்கும் மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டன.

வியாபாரம் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. 2016 வாக்கில் லண்டனிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் நம் மஞ்சள் பால் ‘கோல்டன் லாட்டே’ என்ற பெயரில் காபிக்கடைப் பலகையில் ஏறியது. வீட்டில் காய்ச்சல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த பாலுக்குக் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்களே என்று நாம் சிரித்தோம். உள்ளுக்குள் கொஞ்சம் பூரித்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். 2017இல் கலிபோர்னியாவில் குர்குமினை நேராக நரம்பில் ஏற்றிக்கொண்ட ஒரு பெண் இறந்துபோனார். 2019இல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை எடுத்தவர்கள் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வர, டப்பாவில் எச்சரிக்கை அச்சிட அரசு உத்தரவிட்டது. அந்த எச்சரிக்கை மாத்திரைகளுக்குத்தான், குழம்பில் போடும் மஞ்சளுக்கு அல்ல. செடியிலிருந்து சத்தைப் பிரித்து, அடர்த்தியாக்கி, உறிஞ்சவும் வைத்த பிறகு அது உணவு என்ற சலுகையை இழந்துவிடுகிறது.

முழுக்கக் கைவிட வேண்டியதும் இல்லை. தாய்லாந்தில் செரிமானக் கோளாறுள்ள 206 பேரிடம் நடந்து 2023இல் வெளியான சோதனையில், வழக்கமான ஒமிப்ரசோல் மாத்திரைக்கு இணையாகக் குர்குமின் வேலை செய்ததாகத் தெரிந்தது. பிக்காடில்லிக் கடைக்காரரின் பட்டியலில் முதல் வரி இது!

கிழங்கை மடியில் கட்டிக்கொண்டு கடல் கடப்பதும் நிற்கவில்லை. உள்ளூர் விவசாயத்தை வளர்க்க இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்த நேரத்தில் கொரோனா வந்தது. எதிர்ப்புச் சக்திக்கு மஞ்சள் என்று ஊரே தேட, அங்கே ஒரு கிலோ சில ஆயிரம் ரூபாய்க்குப் போனது. ராமநாதபுரக் கடற்கரையிலிருந்து இரவில் கிளம்பிய படகுகளில் மூட்டை மூட்டையாக மஞ்சள். தங்கத்தையும் கஞ்சாவையும் துரத்திப் பழகிய கடலோரக் காவல்படையும் கடற்படையும் சாம்பார்ச் சாமானைப் பறிமுதல் செய்துகொண்டிருந்தன.

கடைசியாக ஒரு கலப்படக் கதை. 1980களில் வங்கதேசத்தில் வெள்ளம் வந்தபோது, அறுவடையான மஞ்சள் சரியாகக் காயாமல் மங்கிப்போனது. மங்கிய மஞ்சளை யார் வாங்குவார்கள்? மரச்சாமான்களுக்கு அடிக்கும் வர்ணத்தில் சேரும் ஈய குரோமேட் பொடியை, மெருகேற்றும்போது சிலர் தூவினார்கள். கிழங்கு தகதகத்தது. வெள்ளம் வடிந்தும் பழக்கம் வடியவில்லை. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிய ஸ்டான்ஃபோர்டு, டாக்கா ஆய்வாளர்கள் 2019இல் மஞ்சளைக் கைகாட்டினார்கள். அரசு டாக்கா மொத்தச் சந்தையில் சோதனை போட்டு அபராதம் விதித்தது, பத்திரிகைகள் எழுதின. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயம் 2021இல் ஒன்றில்கூட இல்லை. இரண்டே வருடத்தில் இப்படி ஒரு விஷம் கடையைவிட்டுப் போவது அபூர்வம்.

எனவே அடுத்தமுறை விரலி மஞ்சள் வாங்கும்போது, பளபளக்கும் குவியலை விட்டுவிட்டுக் கொஞ்சம் மங்கலாக இருப்பதைக் கேளுங்கள். முழுதாக வாங்கி, வீட்டிலேயே காயவைத்து அரையுங்கள். மஞ்சள் மாத்திரை சாப்பிடுகிறவரானால், ரத்தம் உறையாமலிருக்கவோ சர்க்கரைக்கோ வேறு மருந்து எழுதும் மருத்துவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.